எறும்பு கடிக்கிற மாதிரி

வேடசந்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு நர்ஸுகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்னு இனிமே யாருகிட்டயும் சொல்லமாட்டேன்க்கா" என்றாள் இளையவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்டி?"

"போன மாசம் ஐசியூல ஒரு மில்லுக்காரருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. துடிப்பை அடக்குற ஊசியைச் சட்டுன்னு ஏத்தணும்ல. டாக்டர் மானிட்டரைப் பார்த்துட்டு நின்னாரு, ஷாக் மிஷினும் தயாரா இருந்துச்சு. எல்லாம் சரியாத்தான் பண்ணுனோம். ஆனா அவருகிட்ட எறும்பு கடிக்கிற மாதிரித்தான்னு சொல்லிட்டேன்."

"இதயம் ஒரு நொடி நின்னுல்ல ஓடும். உயிர் போற மாதிரி இருக்குமேடி."

"ஆமாக்கா. துடிப்பு சரியாயிருச்சு. ஆனா மனுசன் அலறிட்டாரு. இன்னைக்கு அதே படபடப்போட திரும்ப வந்தாரு. ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கிட்டாரு."

"என்ன சொன்ன?"

"'உயிர் போற மாதிரி இருக்கும்ண்ணே, ஆனா போகாது. முடியிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறேன்'னு சொன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"



"'அன்னைக்கு ஒத்தையில செத்துட்டேன்னு நெனச்சேன் தாயி'ன்னாரு. சொல்லிட்டுக் கையை நீட்டுனாரு."