மேக்கில் எந்த நியூஸ்ரீடர்?

வானதி அவர்களுக்கு,

விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறிவிட்டதாகவும், நம் குழுவை வாசிக்க எந்த நியூஸ்ரீடர் நல்லது என்றும் மீரா உசேன் பாயிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதுவது அவர் இல்லை. அவருக்கு வாசித்துக் காட்டுகிற, அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிற கலியபெருமாள். போன மழைக்காலத்தில் பாய் வீட்டில் இந்த மாற்றத்தைச் செய்தவன் நான்தான். அதனால் பதில் சொல்கிற தகுதி எனக்கு உண்டு.

இதிலேயே, பாயை நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடுகிற, நம் குழுவின் மர்யம் அம்மாவுக்கும் பதில் இருக்கிறது. "நான் எழுதுவது எதுவுமே மீரா உசேன் நானாவுக்குப் போய்ச் சேரவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு கூலிக்காரனை நம்பி உட்கார்ந்திருக்கிறார்" என்று அவர்கள் குழுவில் எழுதியிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் ஒரு காலம், அம்மா. மற்றதை நான் மறுக்கப்போவதில்லை.

வானதி, நீங்கள் புதியவர். நம் குழு யூஸ்நெட்டில் இருப்பது. வளைகுடாவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழ் ஆட்கள் ஆரம்பித்தது. மற்ற இடங்களைப் போலப் படம், வீடியோ எதுவும் கிடையாது. எழுத்துதான். அதை இழுத்துக் கொண்டுவந்து காட்ட ஒரு மென்பொருள் தனியாக வேண்டும், அதுதான் நியூஸ்ரீடர். பாயின் விண்டோஸ் பெட்டியில் ஒன்று இருந்தது. பழையது, ஆனால் சொன்னதைக் கேட்கும். மாடியறைக் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, ஒரு நாள் அது திறக்கவே இல்லை.

எனக்கு எழுத்து வந்தது நாற்பது தாண்டித்தான். எங்கள் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வராமல் போன ஒரு வருஷம் நடவு இல்லை, வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சும்மா கிடப்பதற்கு அங்கே போய் உட்காரலாம் என்று போனேன். பிறகு கஜா புயலில் பாயின் தோப்பு மொத்தமும் சாய்ந்தது. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தி முடித்த அன்று, உர மூட்டையில் அச்சடித்திருந்ததை நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கலியா, மேல வா. இதைப் படி பாப்போம்."

போய் நின்றேன். கம்ப்யூட்டர் திரையில் குழு. வாசித்தேன்.

"உட்காரு."

"இருக்கட்டும் பாய்."

"நீ நின்னுக்கிட்டுப் படிச்சா நான் அண்ணாந்து பாக்கணும். கழுத்து வலிக்குது. உட்காருப்பா."

உட்கார்ந்தேன். ஒரு வீட்டின் உள்ளறையில், அந்த வீட்டுக்காரருக்குச் சமமான நாற்காலியில், அதற்கு முன் நான் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்வது உங்கள் இரக்கத்துக்காக இல்லை. காரணம் கேட்பீர்கள் என்பதற்காக.

பாய்க்குச் சர்க்கரை. கண் மங்கிக்கொண்டே வந்தது. மனைவி ரஹ்மத் பீவி காலமாகிவிட்டார். மகன் அப்சர் துபாயில். தினமும் மதியம் லுஹர் தொழுகை முடிந்து, சாப்பாடும் தூக்கமும் ஆனதும் கூப்பிடுவார்.

"அந்த ஜாஃபர் சாதிக் இன்னிக்கு என்ன வாந்தி எடுத்திருக்கான், படி."

சிங்கப்பூர் ஜாஃபர் சாதிக் சாரின் எழுத்தை நான் அவர் குரலிலேயே வாசிப்பேன். அவர் குரலைக் கேட்டதில்லை. எழுத்தை வைத்து நானே ஒரு குரல் செய்துகொண்டேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "எழுது. நெய்ச்சோறுன்னா உள்ள நெய்யி இருக்கணும் தம்பி, பேருல மட்டும் இருந்தா பத்தாது." நானும் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அதற்கும் பதில் வரும். நான் சொன்ன ஒன்றுக்கு டொரண்டோவிலிருந்து ஒருவர் மறுப்பு எழுதினார் என்றால், அன்று எனக்கு முதுகு வலிப்பதில்லை.

பெட்டி கெட்டுப்போனதும் அப்சர் தம்பி மேக் அனுப்பினார். போனில் என்னிடம் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"கலியண்ணே, இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அந்த மெஷினே தமிழ்ல படிச்சுக் காட்டும். ரெண்டு பட்டனை அமுக்கினாப் போதும், வாப்பாவே பாத்துக்குவாங்க. நீங்க நிம்மதியா தோப்புல கன்னுங்களுக்குத் தண்ணி ஊத்துங்க."

நிம்மதியாக என்றார். புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகளுக்குக் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுவது, என் முழங்காலை வைத்துக்கொண்டு, நிம்மதி. நான் சரி தம்பி என்று சொன்னேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாய் தூங்குகிற நேரத்தில் மூன்று நியூஸ்ரீடர்களை இறக்கிப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை. படத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஆந்தைப் படம் போட்டது இலவசம், இலகு. ஆனால் தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துமுறையை மாற்றிப் பார்த்தும் சில பேருடையது தேறவில்லை. அன்றே எடுத்துவிட்டேன்.

பச்சை உறைப் படம் போட்டது மின்னஞ்சலும் குழுவும் சேர்ந்தது. சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தால் போதும், குழு வந்துவிடுகிறது. தமிழ் அழகாகத் தெரிகிறது. ஒருவர் எழுதியதன் கீழே அவருக்கு வந்த பதில்கள் வரிசையாக நிற்கின்றன. மேக்கின் பேசும் குரல் அதில் ஒரு சொல் விடாமல் வாசிக்கிறது. வானதி, நீங்கள் அதையே போட்டுக்கொள்ளுங்கள். மனதறிந்து சொல்கிறேன், மூன்றில் அதுதான் நல்லது.

அதைத்தான் நான் நீக்கினேன்.

மூன்றாவது, சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் படம். எழுத்து நன்றாக வருகிறது. ஆனால் பேசும் குரலுக்கு அது பிடிபடவில்லை. குரலைப் போட்டால் உள்ளே இருக்கிற விஷயத்தைச் சொல்லாமல் "பொத்தான், பொத்தான், வரிசை, பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே போகும். பாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக் குரலைப் போட்டேன். சற்று நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"என்னப்பா இது, தையக்கடையில உட்கார்ந்திருக்கிற மாதிரி பொத்தான் பொத்தான்னு கத்துது. இதையா துபாயிலேர்ந்து அனுப்புனான்? நிறுத்து. நீயே படி."

வாசித்தேன். அப்சர் தம்பியிடமும் அவரே சொன்னார், "உன் மெஷினு சரியில்ல, கலியன் போதும்" என்று. நான் வாய் திறக்கவில்லை.

சுருள் படத்தில் இன்னொரு வசதி உண்டு. வடிகட்டி. ஒருவர் பெயர் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தி, இவர் எழுதியதை இனிக் காட்டாதே என்று சொல்லிவிட்டால், அவர் எத்தனை எழுதினாலும் திரைக்கு வராது. குழுவுக்குள் வந்து விழுகிற குப்பை விளம்பரங்களைத் தள்ளத்தான் அதை முதலில் பழகினேன். அடுத்தவர்கள் சொன்ன வயலுக்கு மடை திறந்து, அடுத்தவர்கள் சொன்ன வயலுக்கு மடை அடைத்தே என் வயது போயிற்று. இது நானாக அடைக்கிற மடை. பழகச் சிரமமாக இல்லை.

தை பிறக்கும் முன்பு பாயைத் தஞ்சாவூருக்குக் கண் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"இடது கண்ணுல இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுங்க. வலதைக் காப்பாத்தலாம். கண்ணுக்குள்ள ஊசி போடணும். தள்ளிப்போடாதீங்க, போட்டா இப்ப இருக்கிற பார்வை நிக்கும்."

திரும்பும் வழியில், காரில் மன்னார்குடி தாண்டியதும், பாய் என் கையைப் பிடித்தார்.

"கண்ணுக்குள்ளயா குத்துவாங்க கலியா?"

"அப்படித்தான் சொல்றாங்க பாய்."

"எனக்குப் பயமா இருக்கு. பயகிட்ட சொல்லாதே, உடனே டிக்கெட்டைப் போட்டுட்டு வந்து நிப்பான். நம்ம குரூப்ல கேட்டு எழுது. மர்யம் கண்ணாஸ்பத்திரியில நர்ஸா இருந்துச்சு. அது போடச் சொன்னா போட்டுக்குறேன். அது சொல்லலைன்னா, அல்லாஹ் விட்ட வழி."

அவர் சொன்னதை அன்றே எழுதி அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பழைய பதிவுகளில் நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் பாய் தூங்கும்போது திறந்தேன். மர்யம் அம்மா நீளமாக எழுதியிருந்தார்கள். அது எனக்கு இன்னும் மனப்பாடம். "நானா, பயப்படாதீங்க. மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவாங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நான் எத்தனையோ பேர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். நாளைக்கே போங்க. விட்டீங்கன்னா திரும்ப வராது." நல்ல எழுத்து. யார் கேட்டாலும் உடனே எழுந்து ஊசி போடப் போய்விடுவார்கள்.

இரண்டு முறை வாசித்தேன். பிறகு மர்யம் அம்மாவின் பெயர் மேல் வைத்து அழுத்தினேன்.

பாய் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று ஜாஃபர் சாதிக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

"மர்யம் எழுதுச்சா?"

"திரையில ஒண்ணும் இல்ல பாய்."

இல்லைதான். இல்லாததை இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

குழுவில் நீங்கள் மற்றவர்களும் எழுத ஆரம்பித்தீர்கள். மர்யம் சொல்வது சரி, போங்க, போங்க என்று. ஒவ்வொருவரையும் அடைத்தால் குழுவே காலியாகிவிடும். அதனால் கண் என்ற எழுத்துகள் எதில் வந்தாலும் காட்டாதே என்று ஒரு விதி போட்டேன். அது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. கண்டிப்பாக என்று எழுதியவர், கண்டியில் மழை என்று எழுதியவர், எல்லோரும் காணாமல் போனார்கள். பாய் முகம் விழுந்துபோயிற்று.

"என்னப்பா, குரூப்ல ஒரு ஈ காக்கா இல்ல? எல்லாரும் என்னை மாதிரி கிழடாயி போய்ட்டாங்களா?"

அவர் வருத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே விதியைத் தளர்த்தி, ஊசி என்பதற்கு மட்டும் வைத்தேன். நெய்ச்சோறு சண்டை திரும்பி வந்தது. அவர் சிரித்தார். அவர் மேல் அக்கறை இல்லாதவன் இதையெல்லாம் செய்வானா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டொரு முறை போன் வந்தது. பாயிடமே கேட்டேன். "மர்யமே வாயத் திறக்கல. நல்லதா இருந்தா சொல்லியிருக்கும். அப்புறம் பாக்கலாம்னு சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன். அப்சர் தம்பியிடமும் கண் பரவாயில்லை என்று சொன்னது பாய்தான். என் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக யாரும் காட்ட முடியாது.

சம்பா அறுவடை இயந்திரங்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில் பாய் கட்டிலில் உட்கார்ந்து, "கரண்டு போயிடுச்சா கலியா?" என்று கேட்டார். ஜன்னல் வழியே வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகத் தெரிந்துகொண்டார். ரொம்ப நேரம் அழுதார். பிறகு, "நீ இருக்கேல்ல" என்றார்.

இருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதுங்கள். கண்ணை எடுத்தது சர்க்கரை. நான் ஒரு நியூஸ்ரீடரைத் தேர்ந்தெடுத்தேன், அதில் இருந்த வசதியைப் பயன்படுத்தினேன். பச்சை உறை இருந்திருந்தால் மர்யம் அம்மா எழுதியதை அந்தக் குரல் அவர் காதில் ஓதியிருக்கும், அவர் ஊசி போட்டிருப்பார், இன்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பேன், பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டையும் எடைபோட்டுத்தான் செய்தேன். தெரியாமல் செய்யவில்லை. திரும்ப அந்த இடத்தில் நிறுத்தினாலும் சுருள் படத்தைத்தான் அழுத்துவேன்.

மர்யம் அம்மா, உங்கள் பெயரை நான் மட்டும் இருக்கும்போது எடுத்துவிட்டுப் பார்ப்பேன். அப்படித்தான் உங்கள் கூலிக்காரன் என்ற சொல்லைப் பார்த்தேன். போன் செய்து பாயிடம் சொல்லப் பார்ப்பீர்கள். போனை எடுப்பது நான். அப்சர் தம்பிக்குச் சொல்வீர்கள், அவர் வருவார், அது நடக்கும்போது நடக்கட்டும். என்னை இழுத்துக்கொண்டு போகிறவரிடமும் இதையே சொல்வேன். அதுவரை இந்த நாற்காலி என்னுடையது.

பாய் எழுந்துவிட்டார். இன்றைக்கு யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கிறார். இதை அனுப்பும் முன் வடிகட்டியில் என் பெயரையும், இதற்கு வரப்போகும் பதில்களையும் சேர்த்துவிட்டேன். இனித் திரையில் இருப்பதை அவருக்கு ஓர் எழுத்து விடாமல், உண்மையாக வாசித்துக் காட்டுவேன்.