அவள் பிடித்த சுருதி

உச்சஸ்தாயி பாடும் ஆண் குரல், அதாவது நல்ல டெனர், கிடைப்பது, சொன்ன நேரத்துக்கு வரும் பிளம்பர் கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள் டீச்சர். உங்கள் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவில் பெண்கள் பதினாறு பேர், ஆண்கள் ஐந்தே பேர். அதிலும் பஸ் டிரைவர் ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற நாலு பேரும் காணாமல் போய்விடுவார்கள். அவருக்கு ‘இடி’ என்று பட்டப்பெயர் வைத்தது என் மனைவிதான். ஆண் குரலுக்கு இருந்த அந்தப் பஞ்சத்தை நம்பித்தான் இரண்டு வருடம் முன்பு நானும் வந்து நின்றேன். நீங்கள் மூன்று ஸ்வரம் வாசித்தீர்கள். நான் மூன்றையும் ஒரே ஸ்வரத்தில் பாடினேன். யாரும் சிரிக்கவில்லை. மைக், ஸ்பீக்கர் வேலையை நான் பார்த்துக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும் என்று தன்மையாகச் சொன்னீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது சொல்லப்போவதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

நேற்று என் வீட்டுக்கு வந்த நீங்கள், பையிலிருந்து சுருதி பார்க்கும் இசைக்கவையை எடுத்துத் தட்டிவிட்டு, எங்கள் கீபோர்டில் அதே ஸ்வரத்தை அழுத்திப் பார்த்தீர்கள். இரண்டும் ஒட்டவில்லை. என் மனைவி முன்னால் என்னை எதுவும் கேட்காமல், இன்று கடைக்கு வந்து கேட்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மைக்காகவே முழுவதையும் சொல்கிறேன். அந்த ரேடியோவை நகர்த்திவிட்டு உட்காருங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. நான் இங்கே ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். வீட்டில் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி அவளை உங்கள் குழுவுக்கு இழுத்து வந்த பிறகு எல்லாம் மாறிப்போனது. கதவு சரியாகச் சாத்தாத அந்தக் குளிர் ஹாலில் ஸ்வெட்டரோடு நின்று பாடுவது, பல் டாக்டரம்மா தப்பான பக்கத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு வேறு பாட்டை முழு நம்பிக்கையோடு பாடி முடித்தது, ஒரே வரியை நாற்பது தரம் பாடிச் சலித்து நாற்பத்தோராவது தரம் எல்லாக் குரலும் கச்சிதமாய்ப் பூட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் அடுப்படியில் நின்று சொல்வாள். சொல்லும்போது அவளுக்குக் கையெல்லாம் புல்லரிக்கும். என்னிடம்தான் சொன்னாள் என்று சொல்ல முடியாது. என் இடத்தில் ஒரு பீரோ நின்றிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

அக்டோபரில் முதல் பாட்டின் முதல் சரணத்தை அவளுக்குத் தனியாகக் கொடுத்தீர்கள். ஒரு ஸ்வரத்தை நாலு நாள் கேட்டால் அது அப்படியே அவள் தலைக்குள் தங்கிவிடும் என்று கண்டுபிடித்தவர் நீங்கள்தான். வாத்தியம் இல்லாமல், யாரும் சுருதி எடுத்துக் கொடுக்காமல், நிசப்தத்திலிருந்து அவள் தொடங்க வேண்டும். இரண்டாவது சரணத்தில் பியானோவும் குழுவும் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டில் பழகுவதற்காக, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன கீபோர்டு ஒன்றைச் சரிசெய்து கொண்டுபோனேன். அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கீபோர்டின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பினால் எல்லாக் கட்டைகளின் சுருதியும் சேர்ந்தாற்போல் கொஞ்சம் இறங்கும். ஒன்றுக்கொன்று சரியாகவே இருப்பதால், வேறு வாத்தியத்தோடு ஒப்பிடாதவரை யாருக்கும் தெரியாது. முதலில் ஒரு நூலளவு திருப்பினேன். அவள் காது கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கத்தான். கண்டுபிடித்திருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பி வைத்திருப்பேன். அவள் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு நூல்.

நவம்பர் கடைசியில், பயிற்சியின்போது, அவள் முதல் சரணத்தை முடித்ததும் பியானோ சேர்ந்துகொண்ட அந்த இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டும் கல்லும் பல்லும் போல உரசின. இடிகூட வாயை மூடிக்கொண்டார். பரவாயில்லை, களைப்பாக இருக்கும் என்றீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் கீபோர்டிடம் போனாள். பாடிவிட்டுக் கட்டையை அழுத்தினாள். சரியாக இருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, சரியாத்தானே இருக்கு?”

“கீபோர்டோட சேருது,” என்றேன். அது பொய் இல்லை.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒன்றைச் சரியா தப்பா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். வந்து பாடிப் பார்த்தாள். இப்போது வீட்டிலும் சேரவில்லை. நாலு தரம் பாடினாள். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். “இப்ப எப்படிங்க?” என்று கேட்டாள். சேரவில்லை என்றேன். அதுவும் பொய் இல்லை. அதன் பிறகு சில நாள் திருப்பி வைப்பேன், சில நாள் அப்படியே விடுவேன். எந்த நாள் எப்படி இருக்கும் என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். காதில் கோளாறு எதுவும் இல்லை என்றார். திரும்பி வரும் வழியில், சத்தம் கேட்கிறதா என்றுதான் அந்த மெஷின் பார்க்கும், சுருதி சரியா என்று அதற்குத் தெரியாது என்று அவளுக்கு விளக்கினேன். யோசித்துப் பாருங்கள், அது உண்மைதான். ஒரு வாரம் கழித்து, போனில் வார்டு எண்ணைத் தப்பாகக் கேட்டுவிட்டால் யார் உயிருக்காவது ஆபத்து வருமே என்று பயந்து வேலையை விடுவதாகச் சொன்னாள். விடு என்று நான் சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போடுவது என்று என்னிடம் கேட்டாள்.

குழுவை மட்டும் அவள் விடவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு இருநூறு பேராவது வந்திருப்பார்கள். நான் மூன்றாவது வரிசையில், ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் நல்ல மனதோடு ஏற்பாட்டை மாற்றியிருந்தீர்கள். பியானோவில் முதல் ஸ்வரத்தை மெதுவாக ஒருமுறை தொட்டுக் காட்டச் சொன்னீர்கள். தொட்டார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். அவள் மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தலையசைப்பு. நான் தலையை அசைத்திருந்தால் அவள் பாடியிருப்பாள். அந்த ஸ்வரம் அவள் தொண்டைக்குள் வந்து நின்றிருந்ததை நான் பார்த்தேன். என் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள். இடிதான் எப்படியோ தைரியமாக முதல் வரியை எடுத்தார். குழு அவரோடு சேர்ந்துகொண்டது. நன்றாகவே பாடினார்கள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. சாம்பாரில் உப்பு சரியா, அடுப்பை அணைத்தேனா, வாசலில் மணி அடித்ததா, எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறாள். நேற்று நீங்கள் இசைக்கவையைத் தட்டியபோது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாளே, கவனித்தீர்களா?

“எனக்கு மட்டுந்தான் ரெண்டும் வேற வேறயா கேக்குதாங்க?”

டீ ஆறிவிடும், டீச்சருக்குக் கொண்டுவா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஆக, செய்தது நான்தான் டீச்சர். கீபோர்டும் பழுதில்லை, அவள் காதும் பழுதில்லை. ஏன் என்று கேட்டால், வீட்டில் ஒருத்தர் சந்தோஷமாக இருந்தால் போதாது, அது இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். இப்போது நாங்கள் நிறையப் பேசிக்கொள்கிறோம்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லப்போகிறேன் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். நான் தடுக்க மாட்டேன். நீங்கள் சொல்லி முடித்ததும் அவள் அடுப்படியை விட்டு வந்து, டீச்சர் சொல்வது சரியா என்று என்னிடம்தான் கேட்பாள். கேட்டால் உண்மையைச் சொல்வேன். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.