துடுப்பில் கட்டிய சட்டை

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஐயா. மெரினாவுக்குப் போனால்கூட மணலைத் தாண்டமாட்டேன். திருநின்றவூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் அலுவலகம், நடுவில் மின்சார ரயில்; என் உலகம் அவ்வளவுதான். ஆனாலும் இரண்டு வருடமாக எழுநூறு மீன்பிடிப் படகுகளை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

வேலை எளிது. தினமும் காலையில் ட்ரோன் கடலுக்கு மேல் பறந்து படம் அனுப்பும். தடை செய்த இடத்தில் வலை போடும் படகு எது, வெளியே முறையாக மீன் பிடிக்கும் படகு எது, பழுதாகித் தத்தளிப்பது எது என்று செயற்கை நுண்ணறிவு பிரித்துச் சொல்லும். அதற்குச் சந்தேகம் வந்தால் எங்களைக் கேட்கும். ஆபத்து என்று நான் அழுத்தினால் மீட்புப் படகு கிளம்பும்.

போன வருடம் அது மூன்று முறை வீணாகப் போய்வந்தது. புலி வருது கதையாகிவிட்டது என்று மேலிடத்தில் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பொய் அழைப்பு, தவறவிட்ட படகு எதுவும் இல்லாமல் தொண்ணூறு நாள் ஓட்டிக் காட்டுங்கள், கரை முழுவதற்கும் உங்கள் அமைப்பையே வைக்கிறோம் என்றார்கள்.

எண்பத்தேழாம் நாள் அந்தப் படகு வந்தது. ஒருவர் துடுப்பில் சட்டையைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தார். வலை கிடக்கும் இடத்துக்கு அடையாளமாக மீனவர்கள் கொடி விடுவார்கள் அல்லவா, இதுவும் அதுதானா என்று இயந்திரம் கேட்டது. படம் பார்க்கும் கார்த்திகா, கோவில்பதாகை ஊர்ப் பெண், என்னைக் கூப்பிட்டாள்.

"சார், வலைக்கொடின்னா தண்ணியில மெதந்துகினு இருக்கும். இவரு கையில புடிச்சிகினு நிக்கிறாரு. கூப்புட்றாரு சார்."

அவள் சொன்னது சரி. அந்த வித்தியாசத்தை எங்கள் இருவருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஜம்புலிங்கம் என்ற மீனவர். நான் அவளைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, 'மீன்பிடிப்பு' என்று அழுத்தினேன். கடல் அமைதியாக இருந்தது. அந்தப் பக்கம் போகும் படகு பார்த்தால் கயிறு கட்டி இழுத்து வந்துவிடும். அது மீனவர்கள் வழக்கம். அழைத்து, அதுவும் பொய் அழைப்பாகிவிட்டால்? வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைப்பானேன் என்று பட்டது.

மறுநாள் அதே படகு, கரையிலிருந்து இன்னும் தள்ளி. இயந்திரம் மறுபடி கேட்டது, நானும் அதையே அழுத்தினேன். மத்தியானம் ஜம்புலிங்கம் போன் செய்தார். அவர் சொன்ன படகு எண் அதேதான்; அவருடைய மகன் எழில் அதில் இருந்தானாம்.

"நேத்தே வரவேண்டிய புள்ள, பாஸ்கர் சார். இங்க நாலு போட்டு ரெடியா கீது. உங்க மிசின்ல பாத்து சொல்லுங்க, தேடப் போலாமா?"

அவர்கள் போய்க் கண்டுபிடித்தால், நாங்கள் இரண்டு நாள் தவறவிட்டோம் என்று ஆகிவிடும்.

"நல்லா மீன் புடிச்சிகினு இருக்காங்க அண்ணாத்தே. ரெண்டு நாள்ல வந்துருவாங்க."

"அப்பாடா. நீங்க சொன்னா சரி சார்."

படகுகளைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். ஒரு வருடம் குப்பம் குப்பமாக அலைந்து சம்பாதித்த நம்பிக்கை அது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் இயந்திரம் என்னைக் கேட்கவில்லை. நான் இரண்டு நாள் அழுத்தியதைக் கற்றுக்கொண்டு, தானாகவே 'மீன்பிடிப்பு' என்று எழுதிக்கொண்டது. அந்தப் படகு என்னவாயிற்று என்று கார்த்திகாதான் கேட்டாள், அவளை வேறு பிரிவுக்கு மாற்றினேன். தொண்ணூறாம் நாள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

விசாரணை அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. தெரிந்தே செய்தவன் நான். அதன்மேல் பழி போடுவது நியாயமில்லை. படகில் எத்தனை பேர் என்று அது தினமும் எண்ணி வைத்திருக்கிறது: நான்கு, நான்கு, மூன்று, கேக் வெட்டிய அன்று ஒன்று. எதிலும் பிழை இல்லை. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, விரல் வைத்து எண்ணிச் சரிபார்த்தவன் நான்.