ரிம்மாவின் கோப்பை

நூலில் தொங்கும் அந்தக் காகிதப் பையை வெந்நீரில் முக்கி எடுத்தால் வருவது தேநீர் அல்ல. கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து நான்கு முறை கொடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். நீங்கள் சின்னப் பெண், விசாரணை அதிகாரி, நாள் முழுக்க இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியவர். உங்களுக்காவது நல்லதாக ஒன்று கிடைக்க வேண்டாமா?

பீங்கான் குடுவையை முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடாக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு இலையைப் போட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. அடியிலிருந்து முத்து முத்தாகக் கிளம்பும்போதே எடுத்துப் பாதிக் குடுவை ஊற்றி, மூடி, துண்டால் போர்த்திவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கன்னங்கரேலென்று டிகாக்ஷன் இறங்கியிருக்கும். அதைக் கோப்பையில் கொஞ்சம் விட்டு, சமோவாரிலிருந்து வெந்நீர் சேர்த்து அவரவர் பதத்துக்குக் கலந்துகொள்ளலாம். என் தங்கை ரிம்மாவுக்குக் கடுங்கசப்பாக இருக்க வேண்டும். மேலே இரண்டு கரண்டி ராஸ்பெரி ஜாம். ஐம்பது வயதிலும் கரண்டியை நக்குவாள்.

குடுவையில் நான் எதையும் போட்டதில்லை. அதிலிருந்துதான் நானும் குடித்தேன், வந்தவர்களும் குடித்தார்கள். போட்டதெல்லாம் அவளுடைய கோப்பையில்.

வரிசையாகச் சொல்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது எனக்கு நாற்பது வயது. பதினோரு வருடம் பார்த்துக்கொண்டேன். மருந்துக்கடை வேலை, வீடு, அம்மா, அவ்வளவுதான். ரிம்மா அந்த வருடங்களில் வோல்கா ஆற்றுக் கப்பல்களில் சமையல்காரி. மேலே போவாள், கீழே போவாள், ஊர் ஊராகச் சிரிப்பாள். அவள் புருஷன் செத்த பிறகு, அம்மாவும் போன பிறகு, எங்கள் ஊர் கினேஷ்மாவுக்கு வந்து என்னோடு தங்கினாள். இரண்டு வருடம் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. தூங்கி எழுந்தால் இன்னொரு ஆள் வீட்டில் இருக்கிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு யெஃபிம் வந்தார். ஆற்றின் கீழ்க்கோடியில் இருக்கும் அஸ்த்ரகான் ஊர்க்காரர், கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். என் சமையலறையில் உட்கார்ந்து குடித்துவிட்டுச் சொன்னார்:

"தாஸ்யா, உங்க டீயில கரண்டியை நட்டா நிக்கும் போலிருக்கே. இதை ஊத்தினா எங்க கப்பலே ஓடியிருக்கும்."

"கப்பலுக்குக் குடுக்கல, உங்களுக்குத்தான் குடுத்தேன்" என்றேன்.

"எங்க ஊரு தர்பூசணியை ஒத்த ஆளாத் தூக்க முடியாது. அதுக்குத்தான் உங்க தங்கச்சியைக் கேக்கறேன்."

ரிம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "கேட்டியாக்கா, பழம் தூக்கக் கூலிக்கு ஆள் புடிக்கிறாரு இந்த மனுஷன்."

மே மாதம் கிளம்பும் முதல் கப்பலில் இருவரும் அஸ்த்ரகானுக்குப் போவதாக முடிவாயிற்று. அவள் ஒரு கப்பலைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் தூக்க மாத்திரைகள் மிச்சம் இருந்தன. யெஃபிம் பெட்டியைத் தூக்க வந்தபோது அவள் மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தாள். எழுப்பினோம், கால் நிற்கவில்லை, நாக்கு குழறியது. மறுவாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். தொப்பியைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"என் பெண்டாட்டியை அஞ்சு வருஷம் படுக்கையில வெச்சுப் பாத்தேங்க. இன்னொரு தடவை என்னால முடியாது. நான் கெட்டவன்தான், வெச்சுக்குங்க."

"நீங்க ஏன் கெட்டவர் ஆகணும்? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அன்றே போய்விட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் தெளிந்தால் அவள் அழுவாள், கடிதம் எழுத உட்காருவாள். தெளியாமல் இருந்தால் சாந்தமாக இருந்தாள். அம்மாவின் மாத்திரைகள் தீர்ந்ததும் கடையிலிருந்து எடுத்து வந்தேன். தலை வாரிவிடுவேன், குளிப்பாட்டுவேன், கையைப் பிடித்து ஜன்னலோரம் நடத்துவேன். பெரிய டாக்டர்களிடம் காட்டினேன். ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள், நரம்பு என்றார்கள், துக்கம் என்றார்கள். எட்டு வருடம். நான் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட்டேனா என்று கீழ்வீட்டுத் தமாராவைக் கேளுங்கள். "தாஸ்யா, உனக்குச் சொர்க்கத்துல சாய்வு நாற்காலியே போட்டு வெச்சிருப்பாங்கடி" என்று அவள்தான் சொல்வாள். என் முதுகு வளைந்தது ரிம்மாவைத் தூக்கித்தான்.

இந்த ஜனவரியில் எனக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. ரிம்மாவைத் தமாரா பார்த்துக்கொண்டாள். அவள் போடும் தேநீர் வாயில் வைக்க முடியாது, ஆனால் அதில் இலையும் தண்ணீரும் மட்டும்தான் இருந்தன.

பதினேழாம் நாள் பகலில் என் அறைக் கதவு திறந்தது. ரிம்மா நின்றாள். பனியில் நடந்து வந்து கன்னமெல்லாம் சிவந்திருந்தது. கையில் பிளாஸ்க்.

"அக்கா, நடந்தே வந்தேன். பாலத்துலேர்ந்து இங்க வரைக்கும், யாரையும் புடிக்காம." என் கட்டிலில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தாள். "நானே போட்டேன். குடி. எட்டு வருஷமா நீ எனக்குப் போட்டுக் குடுத்தியே, ஒரு நாளாவது நான் போட வேணாமா?"

நன்றாகத்தான் போட்டிருந்தாள்.

"எப்படி ஆச்சுன்னே தெரியலக்கா. கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு. யெஃபிமுக்கு எழுதினேன். இன்னும் ஒத்தக்கட்டையாத்தான் இருக்காராம், வான்னு தந்தி குடுத்திருக்காரு. நீ வீட்டுக்கு வந்ததும் கிளம்பறேன். இனிமே நீ நிம்மதியா இரு. என்னால நீ வாழ்க்கையையே விட்டுட்ட."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைசிவரை வரவில்லை. அது எனக்கு ஆறுதல்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம் அவளுக்கு ரயில். பெட்டி வாசலருகே இருந்தது. பழைய நீலக் கவுனைப் பிடித்துத் தைத்துப் போட்டிருந்தாள். எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது, நிற்க முடியவில்லை. இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே குடுவையைச் சூடாக்கினேன். வழக்கமாக மாத்திரைகளை எண்ணிப் போடுவேன். அன்று எண்ணவில்லை. கசக்கிறதே என்றாள். ஜாம் இன்னொரு கரண்டி வைத்தேன்.

கால் மணி நேரத்தில் கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

"அக்கா, திரும்ப வந்துடுச்சு போலிருக்கு."

"வரட்டும்டி. நான் இருக்கேன்ல" என்றேன்.

படுக்க வைத்தேன். செருப்பைக் கழற்றினேன். மூச்சு மெலிந்துகொண்டே போனதைப் பார்த்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள், அது எனக்குத் தெரியும்; முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான். கூப்பிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது.

யெஃபிம் அஸ்த்ரகான் ஸ்டேஷனில் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு இங்கே வந்தாராம். புதைத்த இடத்தில் வைத்து அவளுடைய கடிதத்தைத் தமாராவிடம் படித்துக் காட்டினாராம். 'இருபது படி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை' என்று எழுதியிருந்தாளாம். அந்தக் கடிதத்தை உங்களிடமும் கொண்டுவந்து கொடுத்தாராம். அதன் பிறகுதானே நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முதல் நாளும் மாத்திரையை நான்தான் போட்டேன், கடைசி நாளும் நான்தான் போட்டேன். எல்லாம் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு இடம் மட்டும் திருத்த வேண்டும். இதோ, மூன்றாவது வரி. 'நல்ல உடல்நிலையில் இருந்த பெண்' என்று இருக்கிறது. அது தப்பு, அம்மா. அவள் நோயாளி. எட்டு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?