பனி தேசத்திலிருந்து ஓர் அறிவிப்பு

தலைவர்: நம் தெருவின் பெருமக்களே! ஏழு கடலுக்கு அப்பால், பனி பொழியும் தேசத்திலிருந்து உங்கள் சங்கத் தலைவன் பேசுகிறேன். வரலாறு காணாத ஓர் அறிவிப்பு! இந்நாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீதியில் சிந்துவதில்லை. ஆகவே இன்று முதல், நம் தெருவில் தண்ணீரை வீணாக்குவோர் பெயர் தெருமுனைப் பலகையில்...

மனைவி: கத்தாதீங்க! ஜன்னல் திறந்திருக்கு.

தலைவர்: அடிப்பாவி, பதிவாயிட்டு இருக்குடி! பனி கொட்டுற ஊர்ல எவனாவது ஜன்னலைத் திறந்து வெப்பானா?

மனைவி: நீங்க சாத்தச் சொன்னா சாத்துறேன். சொந்த வீட்டுல திருட்டுத்தனமா குடியிருக்கோம். விளக்கு கிடையாது, செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது. தும்மல் வந்தா தலையணையில முகத்தைப் புதைச்சுக்கணும்...

தலைவர்: ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனோம். தெருவே கூடி வழியனுப்பிச்சுது. ஒரே மாசத்துல பையன் டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிட்டான்னு தெரிஞ்சா, அடுத்த தேர்தல்ல எவன் எனக்குக் கை தூக்குவான்?

மனைவி: பையனைச் சொல்லாதீங்க. மருமக தண்ணி கொடுத்தாக்கூட 'எங்க ஊர் மாதிரி வருமா'ன்னீங்க. இங்க வந்து போன்ல 'வெளிநாடு மாதிரி வருமா'ங்கறீங்க. உங்களுக்கு எந்த ஊருதாங்க ஒத்துக்கும்?

தலைவர்: விமானத்துல நல்லாத்தானே இருந்தேன்?

மனைவி: அதுலயும் ஜன்னல் சீட்டுக்காரரோட சண்டை.

தலைவர்: சரி, சரி... அறிவிப்பை மட்டும் வெட்டித் தெரு குரூப்புக்கு அனுப்பிட்டேன். அது என்ன சத்தம்?

மனைவி: மோட்டார் போட்டு ஒரு மணி நேரமாச்சு. குழாயில தண்ணி வரலையேன்னு போட்டேன். பால்கனியில போய்ப் பாருங்க, என் ரோஜாச்செடி அத்தனையும் சுள்ளியா நிக்குது. எதிர்வீட்டார்கிட்ட சாவி கொடுத்துத் தினம் தண்ணி ஊத்தச் சொன்னோமே, அவரு...

தலைவர்: உஷ்! அவருதான் கூப்பிடுறாரு. ஹலோ! வணக்கம், வணக்கம்!

எதிர்வீட்டார்: தலைவரே! அறிவிப்பு கேட்டேன். புல்லரிச்சுப் போச்சு. அங்க இப்ப ராத்திரியா, பகலா?

தலைவர்: இப்பதான் விடிஞ்சுது.

எதிர்வீட்டார்: நேத்து இதே நேரத்துக்கு ராத்திரின்னீங்களே?

தலைவர்: அது... இங்க சூரியன் ஒரு ஒழுங்குல வராது சார். குளிர் காலம் பாருங்க.

எதிர்வீட்டார்: ஓஹோ. என்னமோ கொர்ருனு கேட்குதே?

தலைவர்: பனி அள்ளுற வண்டி. வாசல்லயே நிக்குது.

எதிர்வீட்டார்: நம்ம ஊர் மோட்டார் மாதிரியே இருக்கு.

தலைவர்: சேச்சே. இந்த ஊர் வண்டி எங்க, நம்ம ஊர் மோட்டார் எங்க! ஆமா... எங்க செடியெல்லாம் எப்படி இருக்கு?

எதிர்வீட்டார்: அதை ஏன் கேட்குறீங்க! காடு மாதிரி வளர்ந்து கிடக்கு. இப்பதான் உள்ள போய் ஊத்திட்டு வரேன்.

மனைவி: பொய்! பச்சைப் பொய்!

எதிர்வீட்டார்: யாரு, அம்மாவா?

தலைவர்: ஆமா... டி.வி. பார்க்குறா. இந்த ஊர் செய்தி.

மனைவி: கேளுங்களேன், உள்ள எப்ப வந்தாராம்னு! ஹால்ல குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே, என் மேலயா ஊத்தினாரு?

தலைவர்: நீ வாயை மூடுறியா... சார், உங்களை இல்லை! இப்ப உள்ள போனீங்களே... எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கா?

எதிர்வீட்டார்: அப்படியே இருக்கு. உங்க சாய்வு நாற்காலி மேல தூசுதான். தட்டிவிட்டுட்டு வந்தேன்.

மனைவி: அதுலதானே நீங்க உட்கார்ந்திருக்கீங்க!

தலைவர்: ரொம்ப... ரொம்ப நன்றி சார். உங்களை மாதிரி ஒருத்தர் எதிர்ல இருக்கறது பெரிய பாக்கியம்.

எதிர்வீட்டார்: கடமை தலைவரே. ரோஜா எல்லாம் இவ்வளவு பெருசு.

மனைவி: இவ்வளவு பெருசாமே! போனைக் கொடுங்க, நானே பேசறேன்!

தலைவர்: பேசினா நம்ம குட்டு உடைஞ்சிடும்டி!

எதிர்வீட்டார்: ஹலோ? லைன் விட்டு விட்டு வருதே...

தலைவர்: பனிக்காத்து சார், பனிக்காத்து. திரும்பி வந்ததும் சங்கத்துல ஒரு பெரிய சொற்பொழிவு வெச்சிருக்கேன். அயல்நாட்டு ஒழுங்கு பத்தி. தண்ணியை இவங்க எப்படிக் காப்பாத்துறாங்கன்னு நீங்க கண்ணால பார்க்கணுமே...

எதிர்வீட்டார்: பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

தலைவர்: எதை?

எதிர்வீட்டார்: உங்க மாடித் தொட்டியை. அரைமணி நேரமா வழிஞ்சு தெருவெல்லாம் ஓடுது. மோட்டாரை அணைச்சிட்டு, ரெண்டு வாளி பிடிச்சுச் செடிக்கு ஊத்துங்க தலைவரே. நான் ஒருநாள்கூட ஊத்தலை.