கெளுத்தி வயிற்றில் இருந்த இறால்

ராயபுரத்துக் கல்லூரி ஒன்றில் கலந்தாய்வு வரிசை. எனக்கு முன்னால் காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவும் அவர் மகளும் நின்றிருந்தார்கள்.

"மீனு நாத்தம் வேணாம்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன். நீ இன்னான்னா ஜுவாலஜி படிக்கிறேன்ற. கம்ப்யூட்டர் எடு."

"சின்ன வயசுல கெளுத்தி வயித்துல முழுசா ஒரு எறா இருந்துச்சே, ஞாபகம் இருக்காம்மா?"

அம்மா சிரித்துவிட்டார். "அத்த சொம்புத் தண்ணில வுட்டு, பொழைக்குமான்னு பார்த்துகினே கெடந்த."

"நீயுந்தான் பக்கத்துல குந்திகினு இருந்த."

"ஆமா. அன்னிக்கு வியாபாரத்தையே மறந்துட்டேன்."

மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்பாக அம்மாவே மேசைக்குப் போய்ச் சொன்னார்:

"ஜுவாலஜி குடுங்க சார்."