நூல் கட்டிய சக்கரம்

விலை சொல்வதில் எனக்குக் கைராசி உண்டு என்பது சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். புடவைக்காரன் மூட்டையோடு வந்தால்கூட, "டீச்சரம்மா வரட்டும்" என்று சொல்லி, நான் போய் உட்கார்ந்த பிறகுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவனை முடிச்சை அவிழ்க்கவிடுவார்கள்.

பச்சையம்மா, நான் எழுதி முடிக்கிறவரைக்கும் நீ அந்த மோரைக் குடி. நகரியிலிருந்து ரயில் மாறி வந்திருக்கிறாய். "வாயால சொன்னா எங்க தெருவுல நம்பமாட்டாங்கம்மா, கைப்பட எழுதிக் குடுங்க" என்று கேட்டாய். நியாயம்தான். ஆனால் விலையிலிருந்து ஆரம்பித்தால்தான் உனக்கு விளங்கும்.

என் தம்பி ஞானசிங்கைப் போன மாதம் அடக்கம் பண்ணினோம். அவன் ஒரு காலத்தில் கார் செய்தான் என்று சொன்னால் இந்தச் சபையில் இளசுகள் சிரிக்கும். பழைய இங்கிலீஷ் வண்டிகளை ஏலத்தில் எடுப்பான். மேலே இருக்கிறதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, அலுமினியத் தகட்டில் புது உடம்பு கட்டுவான். தாழ்வாக, மீன் வால் மாதிரி பின்னால் கூம்பி, இரண்டே சீட். அவன் அதை ஸ்போர்ட்ஸ் மாடல் என்பான். ஊரில் ரேஸ் காரு. ஆறு வருஷத்தில் நாலு வண்டி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்தான் தொழிற்சாலை. வேலைக்கு ஒரே ஒரு பிட்டர், உன் நைனா தாமோதரன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஷெட்டில் எனக்கு இருந்த வேலை விலை போடுவது.

வாங்க வருகிறவரிடம் நான் முதலில் விலை சொல்லவே மாட்டேன். வண்டியில் உட்காரவைப்பேன். முதல் வண்டிக்கு வந்த மிட்டாதார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, உக்காந்தா வெல கூடுமா?"

"உட்கார்ந்து எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு கூடும்."

அவர் கால்மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, ஓடாத வண்டியில், எதிரே இருந்த மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் அவர் மனைவியைக் கூப்பிட்டு இடது சீட்டில் உட்காரச் சொன்னேன். இடது சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் எந்த ஆணும் நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கமாட்டான். ஆயிரத்து நானூறுக்கு முடித்தேன்.

"அக்கா, எனக்கு ஆன செலவே எண்ணூறுதான்" என்றான் தம்பி, பயந்துபோய்.

"செலவு உனக்குத் தெரிந்தால் போதும். ஆசை எனக்குத் தெரியும்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அவனை நான் வளர்த்தேன் என்று சபையில் சொல்வார்கள். அவன் இல்லாமல் நான் ஒரு வேளை சாப்பிட்டதில்லை என்பதை யாரும் சொன்னதில்லை.

இனி நூல். முதல் வண்டியை ஓட்டிப் பார்த்த அன்று வாசலிலேயே ஒரு சக்கரம் ஆடியது. நட்டை இறுக்கியது தாமோதரன் என்று தம்பி, தம்பிதான் என்று உன் நைனா. அதிலிருந்து தம்பி ஒரு முறையை வகுத்தான். தாமோதரன் இறுக்கவேண்டும். பிறகு நான் சின்னச் சுத்தியால் ஒவ்வொரு நட்டையும் தட்டிக் காதால் பார்க்கவேண்டும். இறுகிய நட்டுக்கு ஒரு சத்தம், இறுகாததற்கு வேறு சத்தம். சரியாக இருந்தால் சக்கரத்தின் கம்பியில் ஒரு சிவப்பு நூல் கட்டவேண்டும். நூல் இருக்கிற சக்கரத்தை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது, பார்க்கவும் வேண்டாம். நூல் உங்கள் வீட்டுத் தறியிலிருந்து உன் நைனா கொண்டுவந்தது.

இருபத்தெட்டாம் வருஷம் தம்பி ஜெயசீலியைக் கட்டிக்கொண்டான். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளிடம் நான் குறை சொல்லமாட்டேன். பாடிக்கொண்டே சமைப்பாள். முதல் நாளே என்னை அண்ணி என்று கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் பாடிச் சமைத்ததில்லை. தம்பி ஷெட்டிலிருந்து சீக்கிரமே கை கழுவிக்கொண்டு வர ஆரம்பித்தான்.

மூன்றாம் மாதம் திருப்பதியிலிருந்து கோவர்த்தனன் வந்தார். யாத்திரைக்காரர்களுக்கு பஸ் விடுகிறவர். டிரைவராக இருந்து முதலாளியானவர், ஐம்பது வயதுக்கு மேல். நாலாவது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் அவர் பார்த்தது வண்டியை இல்லை, தம்பியின் கையை. திருப்பதியில் பெரிய ஷெட் போடுகிறேன், வருஷத்துக்குப் பன்னிரண்டு வண்டி செய்யலாம், பக்கத்திலேயே உனக்கும் உன் சம்சாரத்துக்கும் வீடு என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்காவுக்கு இன்னா, இங்க ஸ்கூல் இருக்குது, சபை இருக்குது" என்றார் அவரே.

"வாரத்துக்கு ஒரு தடவ ரயிலேறி வந்துடுவோம் அண்ணி" என்றாள் ஜெயசீலி. மனசாரத்தான் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தடுக்கப் பார்த்தேன். விலை கேட்டபோது நாலாயிரம் என்றேன். மதராஸில் புத்தம்புது இங்கிலீஷ் வண்டியே இரண்டாயிரத்துக்குக் கிடைத்த காலம். எந்த மனுஷனும் எழுந்து போய்விடுவான்.

"சரே" என்றார் கோவர்த்தனன்.

"பேரம் பேசமாட்டீர்களா?"

"எதுக்கும்மா? வண்டிக்கு ரெண்டாயிரம். மீதி ரெண்டாயிரம் உன் தம்பிக்கு. ஆளையும் சேத்துத்தான் வாங்கிக்கினு போறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பிக்கு நான் விலை போட்டிருக்கவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் தம்பியும் ஜெயசீலியும் வேலூருக்குப் போயிருந்தார்கள். எனக்கு மட்டும் சமைக்க அரிசி எடுத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. கணக்கு டீச்சர். நாற்பத்து மூன்று வயது. அந்த அளவு எனக்கு வந்ததே இல்லை. படியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றேன். வீட்டில் வேறு சத்தமே இல்லை. பிறகு அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டேன்.

வண்டி கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. காலையில் வண்டியை வெளியே தள்ளி உன் நைனா நாலு சக்கரத்தையும் இறுக்கினார். நான் தட்டிப் பார்த்தேன். இருபது நட்டும் ஒரே சத்தம். நாலு நூலும் கட்டினேன். வெயிலில் பெயிண்ட் கெடும் என்று மறுபடி ஷெட்டுக்குள் தள்ளினார்கள். காணிப்பாக்கத்தில் பூஜை போட்டுவிட்டுத்தான் திருப்பதிக்கு ஓட்டுவேன் என்று கோவர்த்தனன் சொல்லியிருந்தார். அவர் சம்சாரம் பஸ்ஸில் முன்னாலேயே போய்க் கோயிலில் காத்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வேண்டும் என்றார். உன் நைனாவைக் கடைத்தெருவுக்கு அனுப்பினேன். தம்பி குளிக்கப் போனான். கோவர்த்தனன் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கால்மணி நேரம் ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன்.

தம்பி ஈரத்தலையோடு வந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, தோள்ல சுண்ணாம்பு."

"சுவரில் சாய்ந்துவிட்டேன்" என்றேன். அவனே தட்டிவிட்டான். அவன் கை என்மேல் பட்டது அதுதான் கடைசி.

இரண்டே சீட் என்று சொன்னேன் அல்லவா. கோவர்த்தனன் ஓட்டுவார், பக்கத்தில் தம்பி என்றுதான் பேச்சு. "நீ நாளைக்குச் சாமானோடு ரயிலில் போ. இவள் போய் வீட்டைப் பார்க்கட்டும், அடுப்பு எங்கே வைப்பது என்று பெண்பிள்ளைக்குத்தானே தெரியும்" என்று தம்பியிடம் சொன்னேன். ஜெயசீலிக்குச் சந்தோஷம். ஆஸ்பத்திரி டாக்டரோடு ஊர் ஊராக வண்டியில் போய்ப் பழகியவள், கூச்சம் கிடையாது. அவள் இடது சீட்டில் உட்கார்ந்ததும், முந்தானை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளப்போகிறது என்று நானே அதை இழுத்து அவளுக்கு அடியில் செருகிவிட்டேன்.

"அண்ணி, ராத்திரி தனியா இருக்கீங்களேன்னு யோசிக்காதீங்க. உங்க தம்பி இருக்காரு இல்ல" என்றாள்.

"இருக்கிறான்" என்றேன்.

காணிப்பாக்கம்வரைக்கும் ரோடு மோசம். மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள். பூஜை நடந்திருக்கிறது, பழம் நசுங்கியிருக்கிறது. பூதலப்பட்டுக்கு முன்னால் நல்ல ரோடு வந்ததும் கோவர்த்தனன் வேகமாக விட்டிருக்கிறார். ஒரு சக்கரம் கழன்று தனக்கு முன்னால் தானாக உருண்டு போனதைப் பார்த்தாராம். அது யாருடைய சக்கரம் என்று நினைப்பதற்குள் வண்டி பாலத்துக்குக் கீழே கிடந்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஜெயசீலி அங்கேயே போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"நூல் கட்டினது யாரும்மா?"

"நான்தான்."

"அப்போ நட்டு இறுக்கமா இருந்ததா?"

"இருந்தது."

"அதுக்கப்புறம் ஷெட்டுக்குள்ள போனது யாரு?"

"வண்டியை வெளியே தள்ளத் தாமோதரன் போனான்."

இதில் ஒரு வார்த்தையாவது பொய்யா, நீயே சொல். போலீஸ் யாரையும் பிடிக்கவில்லை. விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்தான் உன் நைனாவைப் பிடித்துக்கொண்டது.

அவர் காணிப்பாக்கத்துக்குப் போய்க் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சாமி முன்னால் நின்று, நான் இறுக்கினேன் என்று சத்தியம் பண்ணினார். அங்கே பொய்ச் சத்தியம் பண்ணினால் தப்பமுடியாது என்று சனங்களுக்கு நம்பிக்கை. சத்தியம் பண்ணி இருபத்தெட்டாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அந்த வருஷம் மழைக்குப் பிறகு தெருவுக்குப் பத்துப் பேருக்குக் கண்டது. ஆனால் மற்றவர்கள் சத்தியம் பண்ணியிருக்கவில்லை.

நடக்க முடிந்தபோது ஒரு தடவை என் வாசலுக்கு வந்தார். போர்வை போர்த்திக்கொண்டு, படியேறாமல் நின்றார்.

"டீச்சரம்மா, நான் இறுக்கினேன்தானே? நீங்க தட்டிப் பாத்தீங்களே. எனக்கு இப்ப நெனச்சா கைக்கே நெனப்பு வரமாட்டேங்குது."

"உன் மனசுக்குத் தெரியும் தாமோதரா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் இறந்துவிட்டார். கடைசிவரைக்கும் இரண்டு கையையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீ சற்றுமுன் சொன்னாய். "எங் கல்யாணத்துல கூட பொய் சத்தியம் பண்ணவன் பொண்ணுன்னு பேசினாங்கம்மா" என்றும் சொன்னாய். எனக்கு அது தெரியாது. நகரிக்கு நான் போனதில்லை.

தம்பி திருப்பதிக்குப் போகவில்லை. நாலாயிரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். இன்னொரு வண்டி செய்யவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தான். பதினெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டான். "போடு", "போதும்". இந்த இரண்டு வார்த்தை தினமும் பேசுவோம். கிறிஸ்மஸுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது ஷெட்டுக்குள் மட்டும் ஆளை விடமாட்டான். சோம்பல் என்று நினைத்தேன். சாயங்காலத்தில் அங்கே நாற்காலி போட்டு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நான் காபி கொண்டுபோய் வைப்பேன். எப்படியும் வீட்டில் இருந்தான்.

சாவதற்கு நாலு நாள் முன்னால் உனக்குத் தபால் போட்டிருக்கிறான். கழன்ற சக்கரத்தில் இருந்த சிவப்பு நூல், வெளுத்துப்போனது, அதோடு ஒரு காகிதம். அவன் கையெழுத்துத்தான், எனக்குச் சந்தேகமில்லை. "உன் நைனா இறுக்கினார். அக்கா தட்டிப் பார்த்து நூல் கட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை அக்காவிடம் கேள்."

கேட்டுவிட்டாய். எழுதுகிறேன். அந்தக் கால்மணி நேரத்தில் முன்சக்கரம் ஒன்றின் ஐந்து நட்டையும் ஸ்பேனரால் தளர்த்தியது நான்தான். நூல் அறுபடாமல் பார்த்துக்கொண்டேன். தாமோதரன்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் சத்தியம் உண்மை. கீழே முழுப்பெயரும் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன், கிருபாவதி. உங்கள் தெருவில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டு.

ஒன்றை மட்டும் நீ நம்பவேண்டும். யாரும் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சக்கரம் ஆடும், கோவர்த்தனன் நிறுத்துவார், தம்பியின் கைவேலை வேண்டாம் என்று போய்விடுவார், வியாபாரம் முறியும். அவ்வளவுதான் என் கணக்கு. ஜெயசீலி எந்தப் பக்கம் உட்காருவாள் என்பதெல்லாம் என் மனசிலேயே இல்லை. ஏதோ ஒரு சக்கரம், கைக்கு அகப்பட்டது.

போகும்போது ஷெட்டைப் பார்த்துவிட்டுப் போ. குறுகலான இடம். வண்டி நின்றபோது அதன் வலப்பக்கம் வாசலைப் பார்த்து இருக்கும், அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் குனிந்தால் தொடலாம். இடப்பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். நடுவில் ஒரு முழம்கூடக் கிடையாது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒருக்களித்துச் சுவரோடு தேய்த்துக்கொண்டுதான் உள்ளே போகமுடியும். என் தோள் உரசிய தடம் அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. ஆனால் எந்தச் சக்கரம் என்று நான் யோசிக்கவே இல்லை, பச்சையம்மா.